கையைத் தொட்டுப் பாருங்கள்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க விடியும் முன்பே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இளம் மருத்துவர்களே!

நான் மதுரை வில்லாபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் யாருக்கு என்ன நேர்ந்தாலும், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கப்பா" என்பதுதான் முதலில் கேட்கும் குரல். அந்த நம்பிக்கைதான் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் என்னை நிறுத்தியது ஓர் இரவு.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். தேள் கொட்டிய எட்டு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார் அவன் அப்பா. பையன் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆனாலும் தெளிவாகப் பேசினான்; கொட்டிய இடத்தில் அவ்வளவாகக் கடுக்கவில்லை என்றான். வலி இல்லையே என்று நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சற்று நேரத்தில் மூத்த செவிலியர் ஒருவர் கூப்பிட்டார்: "சார், புள்ள கையத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கு." தொட்டேன். ஓடிப்போய் மூத்த மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் கொடுத்தது ரத்தக் கொதிப்புக்குத் தரும் ஒரு சின்ன மாத்திரை. விடியும்போது பையனின் கையில் சூடு திரும்பியிருந்தது.

அந்த மாத்திரை தேள்கடிக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். மகாராஷ்டிராவின் மகாட் அருகே, பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976-இல் வேலைக்குப் போனவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். அந்தப் பக்கம் சிவப்புத் தேள் கொட்டி, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாந்தி எப்போது, வியர்வை எப்போது, கைகால் சில்லிட்டது எப்போது என்று குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் 1982-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன.

தேளின் நஞ்சு உடம்பில் அட்ரினலினை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைகால் சில்லிடுகிறது. இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. சுருங்கிய குழாயைத் தளர்த்தும் பிராசோசின் மாத்திரையை அவர் கொடுத்துப் பார்த்தார். 1986-இல், அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் அதன் பலனை அதே இதழில் எழுதினார்கள். சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. கிராமத்து மருத்துவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதையும் அவர் தன் வேலையாகவே வைத்துக்கொண்டார். 2022-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் என்று மூன்று வேலைகளாக உங்களிடம் பிரித்துச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது ஒரே வேலை. நோயாளியை உற்றுப் பார்ப்பது சிகிச்சை. பார்த்ததை எழுதிவைத்தால் ஆராய்ச்சி. எழுதியதை அடுத்தவருக்குச் சொன்னால் கல்வி. பிர்வாடியில் எழுதிய குறிப்புதான் எங்கள் பக்கத்துப் பையனைக் காப்பாற்றியது.

உங்கள் காலம் எங்கள் காலத்தைவிட நல்ல காலம். 2008-இல் தமிழகத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-இல்தான் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தால், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. வாசலிலேயே, அவசரத்துக்கு ஏற்ப, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியைப் பிரித்துவிடுகிறோம். ஆனால் தெளிவாகப் பேசிக்கொண்டு வந்த அந்தப் பையனுக்கு, அன்றைய நான் பச்சைதான் போட்டிருப்பேன். நிறத்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் கண்ணும் கையும்தான்.

உங்களுக்காகக் காத்திருக்கும் கேள்விகள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் மருந்து உண்டு. ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது. வடநெம்மேலிப் பக்கம் பிடித்த கண்ணாடி விரியனின் நஞ்சில் தயாராகும் மருந்து, நம் வயல்காட்டில் கடிபட்டவருக்கு எவ்வளவு கேட்கிறது? பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது. அதற்கான படிவத்தைச் சுமையாக நினைக்காதீர்கள்; விடை தேடத் தொடங்கும் இடம் அதுதான். மருந்து கேட்டதா என்று அறிய, கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க, பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கடிகாரமும் பொறுமையும் போதும்.

உங்களுக்குப் பின்னால் வரும் ஹவுஸ் சர்ஜன், பதற்றத்தோடு கேள்வி கேட்பார். எரிந்து விழாதீர்கள். செவிலியரோ, வார்டில் தரை துடைக்கும் அம்மாவோ, "கொஞ்சம் பாருங்க" என்று சொன்னால் உடனே திரும்புங்கள். அன்றைக்கு என் நோயாளியைக் காப்பாற்றியது என் படிப்பல்ல, ஒரு செவிலியரின் கை.

இனி எத்தனையோ இரவுகள் களைத்துப்போய் நிற்பீர்கள். வரிசை நீண்டிருக்கும். அப்போதும், அடுத்த கட்டிலுக்கு நகரும் முன், இந்தக் கட்டிலில் இருப்பவரின் கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.