ஆய்வுகூடங்கள் தமக்குள் பேசும் மொழி

(டென்மார்க், சில்க்போர்க் நகரில் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சில்க்போர்க் நகரில் வளரும் பிள்ளைகளுள், பாடசாலையுடன் அருங்காட்சியகத்துக்குச் சென்று தொல்லுண்ட் மனிதனைப் பார்க்காதவர் அரிது. 1950-இல் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்த உடல் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழமையானது. அவனுடைய குடலில் எஞ்சியிருந்தவற்றை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள் 2021-இல் தமது முடிவை வெளியிட்டனர். அவன் கடைசியாக உண்டது பார்லிக் கஞ்சியும் மீனும். குடலில் நாடாப்புழு உள்ளிட்ட ஒட்டுண்ணிகள் இருந்தன. ஒருவருடைய வயிற்றுப் பரிசோதனையின் முடிவு இத்துணை தாமதமாக வேறெங்கும் வந்திருக்காது!

இன்று இதே நகரில் ஒருவர் வயிற்றுப்போக்குடன் குடும்ப வைத்தியரிடம் சென்றால், மாதிரி மத்திய யூலண்ட் மண்டலத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் ஒன்றுக்குச் செல்கிறது. முடிவு கடதாசியில் அன்றி, மின்செய்தியாக வைத்தியரின் கணினிக்கு வந்து சேர்கிறது. அதே முடிவின் படி ஒன்று, எவரும் தனியாக அமர்ந்து அனுப்பாமலேயே, கொப்பன்ஹேகனில் 1902-இல் நிறுவப்பட்ட ஸ்டேற்றன்ஸ் சீரம் நிறுவனத்தின் தேசிய நுண்ணுயிரியல் தரவுத்தளத்தைச் சென்றடைகிறது. ‘மீபா’ என்று அழைக்கப்படும் இத்தளம் 2010-ஆம் ஆண்டு தொடக்கம் நாட்டின் மருத்துவ நுண்ணுயிரியல் பிரிவுகளின் முடிவுகளைத் திரட்டி வருகிறது.

இது கணினித் துறையினரின் விடயம், எமது குடும்பத்துக்கு இதனால் ஆவது என்ன என்று ஒரு தாயார் கேட்கக்கூடும். அவருக்காகவே பின்வரும் காட்சி.

சில்க்போர்க்கில் வாழும் ஒரு பெண்மணி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் செல்கிறார். அங்கே மயக்கம் வருகிறது. உறவினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றனர். கைப்பையில் டெனிஷ் மொழியிலான குருதிப் பரிசோதனை அறிக்கையின் அச்சுப் பிரதி இருக்கிறது. ஈமோகுளோபின் என்ற சொல் எம்மொழியிலும் அடையாளம் தெரியும்; அதன் நேரே 8.0 என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 8 என்றால் கடுமையை நெருங்கிவிட்ட குருதிச்சோகை. உறவினர் பதறுகின்றனர். உண்மையில் அப்பெண்மணிக்குக் குருதிச்சோகையே இல்லை. டென்மார்க்கில் ஈமோகுளோபின் லீற்றருக்கு மில்லிமோல் என்ற அலகிலும், இலங்கையிலும் இந்தியாவிலும் 100 மில்லிலீற்றருக்கு கிராம் என்ற அலகிலும் எழுதப்படுகிறது. டெனிஷ் எண்ணை 1.61-ஆல் பெருக்கினால் மற்றைய எண் கிடைக்கும். ஆகவே இங்குள்ள 8.0 என்பது அங்கே ஏறத்தாழ 12.9, ஒரு பெண்ணுக்கு இயல்பான அளவு.

தாள் ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குப் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது; அதன் பொருள் போய்ச் சேரவில்லை. ஆய்வுகூடங்களுக்கிடையிலான தரவுப் பரிமாற்றத்தின் முழுச் சிக்கலும் இதுவே. வலையமைப்பு இருந்தால் தரவு தானே ஓடிவிடும் என எண்ணுவோர் பலர். கணினிக் கல்வி கற்கும் இளையோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அனுப்புவதில் பெரிய கடினம் எதுவும் இல்லை. இந்த முடிவு யாருடையது, எதைப் பற்றியது, மறுமுனையில் கிடைத்ததா என்பவற்றில் இரு முனையும் ஒரே உடன்பாட்டில் நிற்பதுதான் கடினம்.

டென்மார்க் இந்த உடன்பாட்டைக் காலத்தோடு செய்துகொண்டது. ஓடென்ச நகரை உள்ளடக்கிய ஃபூன் தீவில் தொடங்கிய முயற்சிகளின் தொடர்ச்சியாக, 1994-இல் ‘மெட்கொம்’ என்ற தேசியத் திட்டம் உருவாயிற்று; 1999-இல் அது நிலையான அமைப்பாயிற்று. அதன் வேலை மென்பொருள் விற்பதன்று. ஆய்வுகூட முடிவு, மருந்துச்சீட்டு, வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதம் ஆகியவை எந்த வடிவில் எழுதப்படவேண்டும் என்பதை எல்லோருடனும் பேசி ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. எந்த நிறுவனத்தின் மென்பொருளை வைத்தியர் வாங்கினாலும் அது அந்த வடிவைப் பேசியாகவேண்டும்.

எடுத்துக்கொண்ட இலக்கணம் ‘எடிஃபக்ட்’ எனப்படுவது. ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் வணிகத்துக்கென உருவானது அது. கப்பலில் வரும் சரக்கின் பட்டியலும் அதே இலக்கணத்தில் எழுதப்படும். கூட்டற்குறி ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரிக்கும். ஒற்றை மேற்கோட்குறி வரியை முடிக்கும். மேற்கோட்குறி கொண்ட பெயருடையவர் எவரேனும் நோயாளியாக வந்துவிட்டால், அதற்கு முன்னே ஒரு கேள்விக்குறியை இட்டுக் காக்காவிடின் வரி பாதியிலேயே முடிந்துவிடும். இத்தகைய சிறு விதிகளில்தான் நிகழ்கலை பழகுபவன் போலப் பொறியாளன் தேர்ச்சி பெறுகிறான்! பின்னாளில் எக்ஸ்.எம்.எல். வடிவமும் வந்தது, இப்போது ‘ஃபயர்’ எனும் புதிய தரத்துக்குப் படிப்படியாக மாறும் பணி நடைபெறுகிறது.

வடிவு ஒன்றானால் போதாது, பொருளும் ஒன்றாகவேண்டும். அதற்காக உயிர்வேதியியல் பரிசோதனைகளுக்கு ‘என்.பி.யு.’ என்னும் குறியீடுகள் டென்மார்க்கில் பயன்படுகின்றன. குருதியின் ஈமோகுளோபினுக்கு 02319 என்ற எண். அந்த எண்ணைக் குறிப்பிட்டாலே எந்த மாதிரியில், எந்தப் பொருளை, எந்த அலகில் அளந்தது என்பது முடிவாகிவிடும். சில்க்போர்க்கில் அனுப்பிய 8.0 கொப்பன்ஹேகனில் வேறொன்றாக வாசிக்கப்பட வழியில்லை. நுண்ணுயிரியலில் இது இன்னும் கடினம். அங்கே விடை பெரும்பாலும் எண்ணாக வருவதில்லை. நுண்ணுயிரின் பெயராக, சில வேளை ஒரு வாக்கியமாகவே வரும். ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்கெனக் குறியீடுகளை வைத்திருந்தமையால், அவற்றைப் பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் அட்டவணைகளைப் பேணுவது ஓயாத வேலையாகும்.

அடுத்தது, ‘யாருடையது’ என்ற கேள்வி. புலம்பெயர்ந்த தமிழருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி வேறில்லை. தந்தையின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயர். தந்தைக்கோ பாட்டனின் பெயர். தாய்க்கு மணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், பாடசாலையில் மற்றோர் எழுத்துக்கூட்டல். பெயரை நம்பி ஆய்வுகூடங்கள் தரவு பரிமாறினால், எம்மவரின் குருதி முடிவுகள் மூன்று பேருக்குப் பிரிந்துபோகும். அதைத் தடுப்பது 1968-இல் டென்மார்க் ஏற்படுத்திய சி.பி.ஆர். எண். பத்து இலக்கங்கள், முதல் ஆறும் பிறந்த நாள், திங்கள், ஆண்டு.

இதிலும் அகதிகளின் வரலாறு பதிந்திருக்கிறது என்பது பலர் அறியாதது. பிறந்த தேதி தெரியாமல் வந்து சேர்ந்த வெளிநாட்டவர் பலருக்குச் சனவரி 1 என்றே பதியப்பட்டது. ஒரு நாளுக்கு வழங்கக்கூடிய எண்கள் அளவானவை. 2007-இல், 1965 சனவரி 1 அன்று பிறந்ததாகப் பதியப்படும் ஆண்களுக்கான எண்கள் தீர்ந்துபோக, பழைய சரிபார்ப்புக் கணக்குக்குப் பொருந்தாத எண்களை வழங்கும் நிலை ஏற்பட்டது. அக்கணக்கைக் கைவிடாத மென்பொருள் எதுவாயினும், அம்மனிதரின் சரியான எண்ணையே பிழையென்று தள்ளிவிடும். மென்பொருள் எழுதக் கற்கும் இளையோர் இதை மறவாதிருத்தல் நலம். உள்ளீட்டைச் சோதிக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரை உள்ளே விடுகிறது அல்லது வெளியே நிறுத்துகிறது.

சி.பி.ஆர். எண் கிடைக்குமுன் சிகிச்சை பெறுவோருக்கு வைத்தியசாலை தற்காலிக மாற்று எண் ஒன்றை வழங்கும். ஊரிலிருந்து புதிதாக வந்த வாழ்க்கைத்துணையும், பார்க்க வந்த பெற்றோரும் இவ்வகையில் அடங்குவர். பின்னர் நிலையான எண் கிடைத்தாலும், முன்னைய முடிவுகள் பழைய எண்ணின் கீழேயே கிடக்கக்கூடும். ‘இதற்கு முன்பும் இந்த வைத்தியசாலையில் குருதி எடுத்தார்கள்’ என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்வதே இதற்கு மருந்து.

‘கிடைத்ததா’ என்ற மூன்றாவது கேள்விக்கு எம்மவர் நன்கறிந்த பதிவுத் தபாலே எடுத்துக்காட்டு. மெட்கொம் முறையில் செய்தி பெற்ற கணினி, பெற்றேன் என்றோ வாசிக்க இயலவில்லை என்றோ மறுமொழி அனுப்பவேண்டும். மறுமொழி வராவிடின் அனுப்பியவர் தேடவேண்டும். இது இல்லாவிடின் என்ன நேரும் என்பதை 2020 அக்டோபரில் இங்கிலாந்து கண்டது. ஆய்வுகூடங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் கோப்பு வடிவம் ஒன்றில் ஏற்றியது. அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் 15,841 தொற்றாளர்கள் தேசியக் கணக்கில் சேரவில்லை. தொற்றியவர்களுக்குத் தமது முடிவு தெரிந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கவேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. இலண்டனிலும் லெஸ்டரிலும் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் டென்மார்க்கில் எத்தனை?

டென்மார்க்கில் முதல் தொற்றாளர் 2020 பெப்ரவரி 27 அன்று உறுதிசெய்யப்பட்டபோது, மீபா பத்து ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது. தினந்தோறும் வெளியான எண்ணிக்கைகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

தொற்றுநோய்க் காலம் ஒருபுறமிருக்க, ஆய்வுகூடங்கள் ஒன்றோடொன்று பேசுவதன் பயனை 2013, 2014-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த லிஸ்தீரியாத் தொற்று நன்கு காட்டுகிறது. நோயாளர் வெவ்வேறு வைத்தியசாலைகளில், வெவ்வேறு மாதங்களில் வந்தனர். தனித்தனியே பார்த்த எந்த வைத்தியருக்கும் அது கொள்ளைநோயாகத் தோன்ற வாய்ப்பில்லை. அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிகள் சீரம் நிறுவனத்தில் மரபணு வரிசை முழுவதும் வாசிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டபோதுதான், பலவும் ஒரே கிருமியின் பிள்ளைகள் எனத் தெரிந்தது. உணவுச் சோதனைகளில் கிடைத்த கிருமியோடு அதை ஒப்பிட்டபோது, டெனிஷ் மக்கள் ரொட்டியில் வைத்துண்ணும் ‘ரூல்லபுல்ச’ என்ற சுருட்டிய இறைச்சிக்கு வழி சென்றது. 2014 ஓகஸ்டில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்குள் நோயுற்றோர் 41 பேர். அவர்களுள் 17 பேர் இறந்தனர். முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரையே லிஸ்தீரியா கடுமையாகத் தாக்கும். மனிதரைச் சோதிக்கும் ஆய்வுகூடமும் உணவைச் சோதிக்கும் ஆய்வுகூடமும் வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் இருந்தும் ஒரே மொழியில் ஒப்பிட முடிந்தமையால் தடம் கிடைத்தது. அது இன்னும் விரைவாகக் கிடைத்திருக்குமாயின் என்ற ஆற்றாமை இறந்தோரின் குடும்பத்தாருக்கு இல்லாமல் இராது.

இத்தனை தரவும் ஓரிடத்தில் திரள்வதில் அச்சம் இல்லையா? இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அரசின் கையில் பெயர்ப்பட்டியல் இருப்பது எத்தகையது என்பதை 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களைக் கண்ட தலைமுறைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. டென்மார்க்கும் தவறிழைத்தது. 2015-இல் சீரம் நிறுவனம், நாட்டின் புள்ளிவிவர அமைப்புக்கு இரு குறுந்தட்டுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பியது. அவற்றில் ஐம்பத்திரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சி.பி.ஆர். எண்களும் நலத் தகவல்களும், மறையாக்கம் எதுவுமின்றி இருந்தன. உறை தவறுதலாகக் கொப்பன்ஹேகனில் உள்ள சீன விசா அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. அங்கிருந்த ஊழியர் உறையைத் திறந்தபின் தவறை உணர்ந்து, உரிய இடத்தில் ஒப்படைத்தார். செய்தி 2016-இல் வெளிவந்தது. மின்வழிப் பரிமாற்றத்தை ஐயுறுவோர் கவனிக்கவேண்டியது, அன்று கசிவுக்கு வழிசெய்தது தபால் உறை என்பதை. மறையாக்கம் செய்த மின்வழி இதைவிடப் பாதுகாப்பானது. ஆயின் அதை யார் திறந்தார் என்ற பதிவும் உடனிருத்தல் வேண்டும்.

அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு. 2003 இறுதியில் தொடங்கப்பட்ட ‘சுன்ஹெட்’ அரச நல இணையத்தளத்தில் மிட்-ஐடி கொண்டு நுழைவோர், தமது ஆய்வுகூட முடிவுகளோடு, தமது ஏட்டை யார் யார் திறந்தனர் என்பதையும் காணலாம். எம்மவர் வீடுகளில் இப்பணி பெரும்பாலும் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. அம்மாவின் மிட்-ஐடியை மகன் வைத்திருப்பதும், அப்பாவின் நீரிழிவு முடிவைப் பன்னிரண்டாம் வகுப்பு மகள் மொழிபெயர்ப்பதும் வழக்கமாகிவிட்டன. மிட்-ஐடி இன்னொருவரிடம் கொடுக்கத்தக்கதன்று. தம்மால் இயலாத பெற்றோர், வளர்ந்த பிள்ளை தன் சொந்த மிட்-ஐடியால் நுழைந்து பார்ப்பதற்கான எண்ணிமப் பதிலாள் அதிகாரத்தை முறைப்படி வழங்கலாம். அவ்வாறு செய்தால் திறந்தவர் பெயர் பதிவில் உண்மையாக நிற்கும்.

யாழ்ப்பாணத்துக்கும் சில்க்போர்க்குக்கும் இடையில் மெட்கொம் இல்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது கைப்பையில் உள்ள தாளே. தெற்காசிய மக்களிடம் நீரிழிவு மிகுதியாக உள்ளமையால், ஊருக்குச் செல்வோர் சில மாற்றங்களை அறிந்திருத்தல் அவசியம். குருதிச் சீனி டென்மார்க்கில் லீற்றருக்கு மில்லிமோல் அலகில் எழுதப்படும். அதை 18-ஆல் பெருக்கினால் ஊரில் வழங்கும் எண் வரும். வெறும் வயிற்றில் இங்கே 7.0 என்பது அங்கே 126. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இங்கே 48 என்றால் அங்கே 6.5 விழுக்காடு, 53 என்றால் 7.0 விழுக்காடு. ஈமோகுளோபினுக்கு 1.61. தாளை அச்செடுக்கும்போது எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல் அலகையும், இயல்பான எல்லைகள் காட்டப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுத்துச் செல்லவேண்டும். ஊரில் எடுத்த பரிசோதனைகளை இங்குள்ள குடும்ப வைத்தியரிடம் காட்டும்போதும் அவ்வாறே. அவை எந்தத் தரவுத்தளத்திலும் தாமாக வந்து சேரா. பழைய அறிக்கைகளைக் கொண்டு வந்திருப்போர், கூட்டம் முடிந்தபின் முன்வரிசை மேசைக்கு வரின், அலகுகளை மாற்றி எழுதிக்கொள்ள இளையோர் உதவுவர்.