இரண்டாம் கடையின் பொறுப்பு



தந்தை தொடங்கிய கடை நன்கு நடைபெறும் இல்லங்களில், மக்கள் தலையெடுத்ததும் எழும் வினா ஒன்று உண்டு: 'இன்னொரு கிளை திறக்கலாமா?' இதற்கு விடை காண, விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் நோக்குதல் நலம். முன்னதில் தோன்றிய ஒரு குடும்பத்தின் இனிப்புத் தொழில் ஊரைக் கடந்து விரிந்தது. பின்னதன் இனிப்போ ஊரை விட்டு அகலாமலே புகழ் பெற்றது.

ராஜபாளையத்தில் 1960களில் 'குரு ஸ்வீட்ஸ்' என்னும் சிறு கடையை நடத்தியவர் கே. எஸ். திருப்பதி ராஜா. 1970களில் அவர் பெங்களூரில் கடை வைத்தார். 1979இல் சென்னை வண்ணாரப்பேட்டையில் 'ஸ்ரீ ஆனந்த பவன்' தொடங்கப்பெற்றது. 1988இல் அடையாற்றில் மற்றொரு கடை திறந்தார். அதுவே 'அடையார் ஆனந்த பவன்'. இனிப்புக் கடையாக இருந்த அந்நிறுவனம் பின்னர்ச் சிற்றுண்டி உணவகமாகவும் வளர்ந்து, அவர்தம் மைந்தர் வெங்கடேசன், சீனிவாச ராஜா ஆகியோர் காலத்தில் வெளிநாடுகளிலும் கிளை பரப்பியது.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது 1988ஆம் ஆண்டு. ஊர் மாறுதல் வேறு. கிளை விரிதல் வேறு. ஊர் மாறும்போது முதலாளியும் கடையோடு செல்கிறார். அடுப்படியிலும் கல்லாவிலும் அவர் கண் இருக்கும். கிளை திறக்கும்போதோ, ஏதேனும் ஒரு கடை அவர் இல்லாமல் நடந்தாக வேண்டும். வடசென்னையின் வண்ணாரப்பேட்டைக்கும் தென்சென்னையின் அடையாற்றுக்கும் இடையே மாநகரமே கிடக்கிறது. ஒரே வேளையில் ஒருவர் இரண்டிடத்தும் நிற்றல் இயலாது.

அந்த இல்லாமையை நிரப்புவன இரண்டு. ஒன்று, தொழில் கற்ற கைகள். மற்றொன்று, மாறாத அளவு. மைசூர்பாகுக்குக் காய்ச்சும் பாகு சற்றே முறுகினால் பண்டம் கல்லாகும். சற்றே இளகினால் துண்டு நில்லாது. அப்பதம் ஒருவர் விரல் நுனியில் மட்டும் இருக்கும்வரை கடை ஒன்றே. அதனை நிறுத்தும் அளந்தும் பிறருக்குக் கற்பித்த பின்னரே இரண்டாம் கடை. கற்பிக்கப்பெறும் சரக்கு மாஸ்டர் கூலியாள் அல்லர். குடும்பத்தின் நற்பெயரைக் கையில் ஏந்துபவர். அவருக்கு உரிய ஊதியமும் மதிப்பும் தராத குடும்பம் தன் பெயரைத் தானே இழக்கிறது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு வேண்டுவன பாலும் சர்க்கரையுமே. பால் சுண்டித் திரளும்வரை இடைவிடாது கிளறும் உழைப்பே அதன் சுவை. அப்பண்டம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூரில் கிண்டிய கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரைச் சூட்டி விற்றல் இப்போது சட்டத்துக்கும் புறம்பானது. அங்கே பண்டம் பயணம் போகிறது. அடுப்பு ஊரிலேயே எரிகிறது. கிளை இன்றியும் வளர்ச்சி உண்டு என்பதற்கு இது சான்று.

ஆதலால், கிளை திறக்க எண்ணும் குடும்பம் முதற்கண் ஆராய வேண்டியது வாடகையையோ வங்கிக் கடனையோ அன்று. 'இக்கடையின் சுவை எதனைச் சார்ந்தது?' என்பதையே ஆராய வேண்டும். ஊரின் பாலையும் நீரையும் சார்ந்ததாயின் பண்டத்தை அனுப்புக. கற்பிக்கத்தக்க அளவைச் சார்ந்ததாயின் கிளை திறக்க. தந்தை ஒருவரின் கையை மட்டுமே சார்ந்ததாயின், அவர் உடல்நலத்தோடு இருக்கும்போதே மக்கள் அருகிருந்து கற்க, அதுவரை பொறுக்க. கல்லாதவர் கையில் கிளையைக் கொடுத்தால் புதிய கடையோடு பழைய கடையும் நலியும்.

அடையாறு, இரண்டாம் கடை அமைந்த இடத்தின் பெயர். அதுவே இன்று அந்நிறுவனம் முழுமைக்கும் பெயராயிற்று. கிளையில் கெட்ட பண்டத்தை உண்டவர், 'கிளை கெட்டது' என்று பிரித்துச் சொல்லார். கடையின் பெயரைச் சொல்லியே குறை கூறுவார். நல்லதை உண்டவரும் அவ்வாறே அப்பெயரைச் சொல்லிப் புகழ்வார். இரண்டாம் கடையின் கல்லாவில் அமரும் இளைஞர் இதனை நாள்தோறும் நினைவிற் கொள்வாராக.