நிலவுச் சாடியும் அதன் பொருத்தும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழஞ்சாடிகளைச் சேர்ப்பவன் என்று என்னை நீங்கள் அறிவீர்கள். மாதக் கூட்டத்திற்கு என் இல்லம் வரும்போதெல்லாம், “பார்த்து அமருங்கள், பக்கத்தில் சாடி இருக்கிறது” என்று நான் எச்சரிப்பதைக் கேட்டுச் சலித்தும் இருப்பீர்கள். விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, “கவிதையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள், நீங்கள் உங்கள் சாடிகளைப் பற்றியே பேசுங்கள்” என்றார்கள். அது கேலியா, அன்பா என்று நான் ஆராயவில்லை. ஒரே ஒரு வகைச் சாடியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது என்னிடம் இல்லை. இனி வாங்கவும் இயலாது. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் ஏலத்தில் அத்தகைய சாடி ஒன்று 45 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று.

கொரிய மொழியில் அதனைத் ‘தல் ஹங்காரி’ என்பர். ‘தல்’ என்றால் நிலவு; ‘ஹங்காரி’ என்றால் சாடி. சோசோன் அரச மரபின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சியோலுக்கு அருகில் குவாங்ஜூப் பகுதியிலிருந்த அரசுச் சூளைகளில் அவை உருவாயின. 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட உயரம், முழுதும் வெண்மை. அதன்மேல் பூவில்லை, பறவையில்லை, எழுத்தில்லை. அப்பெருஞ்சாடிகளுள் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 20 என்பர்.

அந்த வெண்மைக்குப் பின்னால் ஒரு வறுமையும் இருந்தது. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படையெடுப்பு. பின்னர் 1627இலும் 1636இலும் மஞ்சூரியர் படையெடுப்பு. நாடு நலிந்தது. பீங்கானில் நீல ஓவியம் தீட்டத் தேவைப்படும் கோபால்ட்டை வெளிநாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்தே பெறவேண்டியிருந்தது. ஆடம்பரத்தை ஒதுக்கிய கன்பூசிய நெறியும் அதனோடு சேர்ந்தது. அரிசியும், சோயாச் சாறும், மதுவும் இட்டுவைக்க வெள்ளைச் சாடிகள் பிறந்தன. உள்ளிருந்த நீர்மம் ஆண்டாண்டாய் மெருகினூடே கசிந்து, வெண்மையில் இளஞ்சிவப்பும் மங்கிய மஞ்சளுமாய்க் கறைகள் படர்ந்தன. இன்று சேகரிப்போர் அக்கறைகளையே விரும்பித் தேடுகின்றனர்.

அதனை வனையும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய உருண்டையைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எழுப்புவது அரிது. ஈரமண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் வயிற்றுப் பகுதியில் சரிந்துவிடும். ஆகவே குயவர் இரண்டு பெரிய கிண்ணங்களைத் தனித்தனியே வனைவார். ஒன்றை மற்றதன்மேல் கவிழ்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவார்; பொருத்தைத் தேய்த்துச் சமன் செய்வார். சூளையின் வெப்பத்தில் மண் இளகும்போது இரு பாதிகளும் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒருபுறம் சற்றுப் புடைக்கும். மறுபுறம் சற்றுத் தாழும். இடுப்பில் மெல்லிய கோடு ஒன்று நிற்கும். எப்பக்கத்திலிருந்து நோக்கினும் வேறொரு வடிவம் தெரியும். முழுமதியின் பெயரைத் தாங்கிய அச்சாடிகளுள் ஒன்றேனும் முழு வட்டமாய் இல்லை. ஓவியர் கிம் வான்கி (1913–1974) அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1950களில் அவர் தீட்டிய ஓவியங்களில் நிலவும் சாடியும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

அத்தகைய சாடி ஒன்றை 1935இல் பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலேயக் குயவர் சியோலில் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் உலகப் போரின்போது அதனை லூசி ரீ என்னும் அம்மையாரிடம் ஒப்படைத்தார். அவரும் குயவர், வியன்னாவில் பிறந்த யூதர், 1938இல் நாஜிகளுக்குத் தப்பி இலண்டன் வந்தவர். 1995இல் மறையும்வரை தம் தொழிற்கூடத்திலேயே அதனை வைத்திருந்தார். அவர் படைத்த நெடுங்கழுத்துப் பூச்சாடிகளும் பகுதி பகுதியாய் வனைந்து இணைக்கப்பட்டவையே. 1999இல் அச்சாடி பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை கைகள்! சாடிக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. சில காலம் காப்பவரே உண்டு என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன்.

காக்கும் முறையையும் கேட்பீர்கள். பழஞ்சாடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கலாகாது; ஒரு கை அடியிலும் மறுகை உடலிலும் இருக்கவேண்டும். விரல்கணுவால் மெல்லத் தட்டினால் முழுச்சாடி கணீரென்று ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாய்ப் பேசும். பூ வைக்க விரும்பினால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, அதில் நீர் ஊற்றுக. பத்துச் சாடிகளை வரிசையாய் அடுக்கினால் அது கடை. ஒன்றை மட்டும் தாழ்ந்த முக்காலியின்மேல் வைத்து, பக்கவாட்டிலிருந்து சன்னல் வெளிச்சம் விழும்படி விடுங்கள். அவ்வெளிச்சத்தில்தான் பொருத்தும் கறையும் தெரியும்.

இவ்வளவும் சொல்லும் நான் செய்த பிழை ஒன்றுண்டு. பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த பழுப்பு நிற ஜாடி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வாயிலிருந்து வயிறுவரை ஒரு விரிசல். அப்பத்தா சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் குழைத்து அதன்மேல் பூசியிருந்தார். அதன்பின் ஊறுகாய் இடாமல் புளி இட்டு வைத்தார். சாடிகளின்மேல் பித்தேறிய புதிதில், பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அதனைக் கொடுத்தேன். அவர் கைதேர்ந்தவர். கேட்டதையே செய்தார். பூச்சைச் சுரண்டி, விரிசலை நிரப்பி, வண்ணம் தீட்டித் தந்தார். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான், அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் அப்பத்தாவின் விரல் தடம் இருந்தது நினைவுக்கு வந்தது. இன்றும் ஜாடி நன்றாக இருக்கிறது. வருவோர் பாராட்டுகிறார்கள். நான்தான் அதன் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

ஜப்பானில் தோதாய்ஜி ஆலயத்தைச் சேர்ந்த ஒரு நிலவுச் சாடி இருந்தது. எழுத்தாளர் ஷிகா நவோயா அங்குள்ள துறவிக்கு அளித்தது. 1995இல் அதனைத் திருட வந்தவன், பிடிபடும் நிலையில் தரையில் வீசி உடைத்தான். 300க்கும் மேற்பட்ட துண்டுகள். துண்டுகளோடு பொடியையும் கூட்டியெடுத்துக் காத்தனர். ஒசாகாவின் கீழை நாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்தில் அது மீண்டும் சாடியாகி நிற்கிறது. உடைந்த செய்தியையும் அது தன் வரலாற்றோடு சுமந்து நிற்கிறது.

அன்பர்களே, இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். நம் நான்காம் ஆண்டில் யாப்பு வேண்டுமா, வேண்டாவா என்ற பூசலில் நாம் இரண்டாகப் பிரிந்தோம். பதினான்கு மாதங்கள் ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. பிரிந்து போனவர்களுள் நானும் ஒருவன். அன்று நான் பேசிய சில சொற்களுக்காக இன்றும் நாணுகிறேன். மூத்த உறுப்பினர் ஒருவரின் இரங்கல் கூட்டத்தில் ஒரே பாயில் அமர நேர்ந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. அடுத்த மாதம் ஒரே கூட்டமாய்க் கூடினோம்.

விழா மலருக்கான வட்ட வரலாற்றின் கையெழுத்துப் படியைச் சென்ற வாரம் படித்தேன். அழகான நடை. ஆனால் அப்பதினான்கு மாதங்கள் அதில் இல்லை. பத்தாண்டுகள் இடையறாது இயங்கியதாக எழுதப்பட்டுள்ளது. எவர் மனமும் புண்படலாகாது என்ற நல்லெண்ணத்தால்தான் அவ்வாறு எழுதினார்கள் என்பதை அறிவேன். நானும் நல்லெண்ணத்தால்தான் ஜாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மலர்க் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. யார் பக்கம் நியாயம் என்று எழுதவேண்டா. பிரிந்தோம், பதினான்கு மாதம் கழித்துக் கூடினோம் என்று இரண்டு வரி சேருங்கள். அச்சுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கிறது. நமக்குப் பின் இம்மலரைக் கையில் எடுப்பவர், அக்கோட்டைத் தடவிப் பார்த்து, இது எப்படி ஒட்டியது என்று கேட்கட்டும்.