உரிமத்தில் இல்லாத வேண்டுகோள்



இன்று பட்டம் பெறும் கணினித் துறை மாணவர்களில் பலர் விரைவில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வீர்கள். நிரல் எழுதக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது எது வேகமானது, எது இலவசம் என்று பார்ப்பீர்கள். அதை எழுதிக் கொடுத்தவர் நம்மிடம் என்ன வேண்டினார் என்று கேட்கும் வழக்கம் நம் துறையில் இல்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

விம் எடிட்டரைத் திறந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதை மூடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்! கோப்பின் பெயர் கொடுக்காமல் அதைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி பல நேரம் திரை நடுவில் வரும். அது விளம்பரம் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலெனார் 1991இல் விம்மை வெளியிட்டார். 1994இல் தெற்கு உகாண்டாவின் கிபாலே குழந்தைகள் மையத்தில் குடிநீர், சுகாதார வசதிகளுக்காக ஓராண்டு தொண்டு செய்தார். எய்ட்ஸ் நோய் பெற்றோரைக் கொண்டுபோய், பிள்ளைகளைத் தனியே விட்டிருந்த பகுதி அது. ஊர் திரும்பியவர் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். விம்மை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், நகலெடுங்கள். முடிந்தால் அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார்.

கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் விம் கட்டற்ற மென்பொருளாக இருந்திருக்காது. ஜேசன் தரவு வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்டு அப்படியொன்று செய்து பார்த்தார். ஜேசன் மென்பொருளின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எது தீமை என்று யார் தீர்ப்பது? எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதே கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரம். அதனால் டெபியன் லினக்ஸ் குழுவினர் அந்த உரிமத்தை ஏற்கவில்லை. நிறுவன வழக்கறிஞர்களுக்கும் அந்த வரி தலைவலியானது. தீமைக்கும் பயன்படுத்த அனுமதி கேட்டு ஒரு பெரிய நிறுவனமே தனக்கு எழுதியதாக அவர் மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆக, நல்ல விருப்பத்தைச் சட்டமாக்கினால் சுதந்திரம் குறைகிறது. வேண்டுகோளாக விட்டாலோ, அதைக் காப்பது நம் பொறுப்பாகிவிடுகிறது. நன்கொடை தராதவர் மீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அதனால்தான் அதை மறப்பது அவ்வளவு எளிது.

இப்படிச் சொல்வதால், எழுதியவர் வாக்கே வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்டு கனூத், தன் மறைவுக்குப் பிறகு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, மிச்சமிருக்கும் பிழைகள்கூட அப்படியே இருக்கட்டும் என்று 1990இல் எழுதினார். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் பை எண்ணை நெருங்குகிறது. அவருக்குப் பின் அது பை என்றே நிற்கும். மாற்ற நினைப்பவர்கள் தாராளமாக மாற்றலாம், ஆனால் வேறு பெயர் வைக்க வேண்டும். ஜொனாதன் கியூ யூனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் வகையில் அதை விரிவாக்கியபோது ஜீடெக் என்றே பெயரிட்டார். தமிழில் ஆய்வேடு அச்சிட விரும்புவோருக்கு அது கைகொடுக்கிறது. மூலத்தோடு நின்றிருந்தால் நம் எழுத்துகளுக்கு இவ்வளவு வசதி கிடைத்திருக்காது. மூலத்தின் பெயரிலேயே மாற்றியிருந்தால் கனூத்தின் வேண்டுகோள் காற்றில் போயிருக்கும்.

வேறு பெயரில் மாற்றும் இந்த வழி விம்முக்கும் பொருந்தும். மோலெனாரின் போக்கு பிடிக்காதவர்கள் 2014இல் நியோவிம் என்று தனியே கிளம்பினார்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. பிரிந்து செல்லும் உரிமையையும் அவர்தான் கொடுத்திருந்தார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். அதன்பின் பொறுப்பேற்றவர்கள் 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். உகாண்டா வரியை நீக்கவில்லை.

முதல் சம்பளம் வந்ததும் வீட்டுக்குக் கொடுங்கள், கோவிலுக்கோ நண்பர்களுக்கோ செலவழியுங்கள். அன்றாடம் விம்மில் வேலை செய்பவராக இருந்தால், அதைத் திறந்து முக்காற்புள்ளியிட்டு ஹெல்ப் உகாண்டா என்று தட்டுங்கள். கிபாலே பிள்ளைகளைப் பற்றி அங்கே படிக்கலாம். கொடுப்பதா, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.