கட்டணமில்லாக் கணித்தமிழும் காக்க வேண்டிய கவிதையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாவில் கவிதையின் சிறப்பைப் பேசுவதே முறை. ஆயினும் கவிதை தங்கியிருக்கும் இடத்தைப் பற்றிச் சிறிது பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த தமிழ், தாளிலிருந்து கணிப்பொறிக்கு வந்துவிட்டது. அங்கே அது நலமாக இருக்கிறதா என்பதே என் வினா.

2004ஆம் ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கல்வராயன் மலைக்குச் சென்றுவந்தேன். வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில், சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளின் ஓரத்தில் அமர்ந்து, மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையையும் கேட்டேன். மாலையில் மலையிறங்கி, அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் அவற்றைத் தட்டச்சு செய்வேன்.

கணிப்பொறி இருந்தது, அதில் தமிழ் இல்லை. அச்சுக்கோப்பு மென்பொருளின் விலையோ என் உதவித்தொகைக்கு எட்டாதது. ஆகவே இரு வழிகளை நாடினேன். ஒன்று, தெரிந்தவர் ஒருவர் குறுந்தகட்டில் படியெடுத்துத் தந்த விலை மென்பொருள். அது களவுதான், இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். மற்றொன்று, தமிழன்பர்கள் விலையின்றி வழங்கிய எழுத்துரு. ஒப்பாரிகளை முதலாவதிலும் தாலாட்டுகளை இரண்டாவதிலும் பதிந்து வைத்தேன்.

அந்த அன்பர்களை இங்கே நினைவுகூர்வது நம் கடமை. 1984இல் கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி'யும், 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய 'முரசு'ம் வீட்டுக் கணிப்பொறியில் தமிழ் எழுத முடியும் என்று காட்டிய முன்னோடிகள். 1990களில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக அளித்தார். அவர் முன்னின்று 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தனர். பின்னர் 'தமிழா' குழுவினரின் 'இ-கலப்பை' வந்தது. இவர்களுள் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவரல்லர். தமிழைத் தொழிலாகக் கொண்ட நாம் அவர்கள் உழைப்பை நுகர்ந்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2016இல் பழைய கோப்புகளைத் திறந்தேன். தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் ஒரே நிலையில், பொருளற்ற குறிகளாகக் கிடந்தன. காரணம் எளியது. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அன்றைய எழுத்துருக்கள் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டன. 'பாமினி' எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' அமர்ந்தது. 'கே' இருக்கும் இடத்தில் 'ம' அமர்ந்தது. வேறோர் எழுத்துருவில் அதே எண் வேறோர் எழுத்தாகும். எழுத்துரு நீங்கினால் பாடலும் நீங்கும்.

தாலாட்டுகளைப் பதிந்திருந்தது தகுதர எழுத்துருவில். அக்குறியேற்றத்தின் அட்டவணை, தமிழர்கள் கூடி விவாதித்து யாவரும் காணப் பொதுவில் வைத்தது. ஆதலால் சுரதா யாழ்வாணன் விலையின்றி வழங்கிய 'பொங்குதமிழ்' மாற்றி அவற்றைச் சில நிமிடங்களில் ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. ஒப்பாரிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. அவ்வெழுத்துருவின் அட்டவணை எங்கும் வெளியிடப்படவில்லை. குறிப்பேடுகளையோ கறையான் தின்றிருந்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சான சில பாடல்களைக் கோப்போடு ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என ஒவ்வொன்றாக நானே வகுத்தேன். ஒரு கோடை விடுமுறை அதற்கே கழிந்தது. பாடல்கள் மீண்டன. ஆனால் சில இடங்களில், இது வட்டார வழக்கா, என் தட்டச்சுப் பிழையா என ஐயம் எழுந்தது. கேட்டுத் தெளிய மலையேறினேன். பாடிய மூதாட்டி மறைந்து ஆண்டுகள் பலவாகியிருந்தன. அந்தச் சொற்கள் இன்றும் என் ஏட்டில் ஐயக்குறியோடுதான் நிற்கின்றன.

விலை மென்பொருளைப் பழிப்பது என் நோக்கமன்று. அதை ஆக்கியவர்களும் தமிழுக்கு உழைத்தவர்களே. ஆனால் ஒன்றைக் கற்றேன். விலையில்லாமை ஒரு நன்மை. மறைவில்லாமை அதனினும் பெரிய நன்மை. முன்னது என் வறுமைக்கு உதவியது. பின்னது என் பாடல்களைக் காத்தது.

இன்று நமக்குப் பொதுவான குறியேற்றம் உண்டு. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்று ஆணையிட்டது. அதில் 'கெ' என்னும் எழுத்துக்குக் கொம்பு முதலில் பதிவாவதில்லை. மெய்க்குரிய இடம் முன்னும் உயிரின் குறி பின்னுமாகப் பதிவாகிறது. உயிர்மெய்க்குத் தொல்காப்பியர் கண்ட வைப்புமுறையும் அதுவே என்பது நமக்கு உவகை தரும் செய்தி.

இருந்தும், இன்றும் கவிதை நூல்கள் பல பழைய எழுத்துருக்களிலேயே அச்சுக்குப் போகின்றன. ஆகவே கவிஞர் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். உங்கள் கவிதைகளை ஒருங்குறியில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்திலிருந்து நூற்படிகளோடு பனுவற்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதன் படிகளை ஈரிடத்தில் காத்து வையுங்கள். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கையெழுத்துப் படிகளையும் இம்மலரையும் அவ்வாறே காப்போம். தட்டச்சு செய்யும் பணியில் ஒரு பங்கை நானும் ஏற்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். நம் கவிதைகளை நாளை ஒருவர் தேடிவரும்போது, அவர் கையில் பொருளற்ற குறிகள் கிடைக்கலாகாது. பாடியவர் மறைந்தபின் ஐயம் தீர்ப்பார் எவருமிலர்.