நரி வெங்காயம் – பேரில் மட்டும்தான் வெங்காயம்

(மடுல்சீமையில் தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2022ஆம் வருஷம் சாமான் விலை ஏறினபோது வெங்காயம் வாங்கவே நாம் யோசித்தோம். அப்படிப்பட்ட காலத்தில் காட்டில் கிடைக்கிற கிழங்கு, கீரை மேல் நம்முடைய கண் போவது இயல்பு. அதனால்தான் இன்று நரி வெங்காயத்தைப் பற்றிப் பேசுகிறோம். காட்டு வெங்காயம் என்றும் இதைச் சொல்வார்கள்.

இது நம்ம குளிர் மலைக்குரிய செடி அல்ல. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் வளரும். ஆனால் நம்ம ஆட்கள் சொந்தபந்தம் பார்க்க, கூலி வேலைக்கு என்று கீழ்நாட்டுக்குப் போய் வருகிறோம். ஆகையால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மண்ணுக்குள் வெள்ளை வெங்காயம் மாதிரியே இருக்கும். முதலில் இலை இல்லாமல் பூத்தண்டு மட்டும் நீளும்; பிறகுதான் இலை வரும். உரித்தால் வெங்காய வாசம் வராது. சாறு பட்டால் தோல் அரிக்கும். அந்தச் சாற்றில் இருக்கிற நஞ்சு நெஞ்சுத் துடிப்பையே தடுமாற வைக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் இதே இனத்துச் செடி ஒன்றை எலி மருந்தாகவே பாவித்தார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்!

"சித்த வைத்தியத்தில் இருமலுக்குக் கொடுக்கிறாங்களே" என்று பெரியவர்கள் கேட்கலாம். உண்மைதான். வைத்தியர் சுத்தி செய்து, அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. நாம் லயத்தில் இடித்துக் குடிப்பது வேறு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச அளவுதான்.

கார்த்திகைப்பூக் கிழங்கும் இதே மாதிரி ஆபத்து. சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் விட்டவர்கள் நம்ம நாட்டில் உண்டு.

தவறி யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று வரும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணி, புளித்தண்ணி கொடுக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையும் இலையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழுமே என்று பயந்து தாமதிக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பேர் தெரியாத கிழங்கை வாயில் வைக்காதே, வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டு. பசி ஒரு நாளில் தீரும். போன உயிர் திரும்பாது.