படை ஏடும் பாவலர் ஏடும்



ஆங்கிலேயப் படையதிகாரிகள் நாள்தோறும் ஆணையேடு எழுதினர். கட்டளை, காவல்முறை, அடையாளச்சொல், தண்டனை அனைத்தும் அதில் ஏறின. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் படையும் அம்முறையையே கைக்கொண்டது.

1751இல் நம் வாலிகண்டபுரத்தில், முகமது அலிக்குத் துணைவந்த ஆங்கிலப்படை, சந்தா சாகிபுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அஞ்சிப் பின்வாங்கியது. 1763இல் போர் வரலாறு வெளியிட்ட இராபர்ட் ஓர்ம், தம்மவர் கலங்கியதை மறைக்கவில்லை. அந்நேர்மை போற்றத்தக்கது.

ஆயினும், அன்று இரஞ்சன்குடிக் கோட்டையருகே மிதிபட்ட வயல் எவருடையது? எந்தப் படை ஏடு அவர் பெயரைச் சொல்லும்? பொருதவர் எழுதினர், பொறுத்தவர் எழுதவில்லை.

அதே காலத்தில் புதுவையில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். நமக்கும் அது இயலும். முதியோர் நினைவைக் கேட்டு, நாளும் ஊரும் இட்டு எழுதுங்கள். நம் தோல்வியையும் எழுதுங்கள். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் அடுத்த பணி அதுவாகட்டும்.